காருக்கு ஊற்றிய நல்ல தண்ணி

“...அதனாலதான் சொல்லுதேன் அண்ணாச்சி, இரும்பு விலைக்கு மேல ஒத்த ரூவா போட முடியாது. ஓடுற வண்டின்னா பேசலாம். இது நாலு மாசமா நின்ன வண்டி. போதாக்குறைக்குப் பொம்பள பாத்த வண்டி” என்று தென்காசியிலிருந்து வந்திருந்த கார் புரோக்கர் எங்கள் பெரியப்பாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு டம்ளரில் மிச்சமிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் காலை அது. கூட்டம் விட்டுப்போன கரும்புச் சக்கையும் பலூன் கிழிசலும் எங்கள் தெருவில் காற்றோடு புரண்டுகொண்டிருந்தன. கதவுக்குப் பின்னால் அம்மா நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் நான்.

அந்தப் புரோக்கர் அடுத்து என்ன செய்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடுகிற பேச்சு. ஆனால் அதற்கு முந்தின நாலு மாசத்தைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் உப்பில்லாத கூழ்தான்.

நம்ம வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் என் மகன் போன் பண்ணி, “அம்மா, உங்க காருக்கு ஏழு வருஷம் ஆயிட்டு. இப்பவே எக்ஸ்சேஞ்சுல குடுத்துருங்க. இனிமே வச்சிருந்தா வேல்யூ கெடைக்காது” என்றான். உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்டேன்: “ஏலே, உன் வண்டி பானட்டைக் கடைசியா எப்பத் தொறந்து பாத்த?” பானட்டைத் திறக்கிற பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. சர்வீஸ் தேதியை செல்போன் ஞாபகப்படுத்துமாம். செல்போனுக்கு மூக்கு உண்டா? எண்ணெய் கருகுகிற வாசம் அதுக்குத் தெரியுமா? கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஏழு வருஷம் ஓட்டிக் காட்டுகிறேன், அப்போது வந்து விலை கேள் என்றும் சொன்னேன். இந்த வயதில் இந்தத் திமிர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியும். எங்கள் அம்மாவிடமிருந்து. நான் அஞ்சாம் வகுப்பு முடித்த கோடையில்.

அப்பாவுக்கு டாக்சி. கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை, பழைய அம்பாசிடர். அந்தக் கோடைக்கு முந்தின கார்த்திகையில் சவூதிக்கு லாரி ஓட்டப் போனார். “ரெண்டே வருஷம். மாடியில ஒரு ரூம்பு கட்டுற அளவுக்குச் சேந்ததும் வந்துருவேன். வந்து நம்ம வண்டியவே ஓட்டுவேன்” என்று சொல்லிப் போனார். போகும்போது கார் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட, வண்டி விற்கிற ஆர்.டி.ஓ. பாரம் ஒன்றை, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் அண்ணனிடம், அதாவது பெரியப்பாவிடம் கொடுத்தார். சாவி ஒரு கையில், கையெழுத்து இன்னொரு கையில். பாசமான ஆம்பளைகள் செய்கிற கிறுக்குத்தனம் இப்படித்தான் இருக்கும்.

எங்கள் தெருவிலேயே மூன்று பேர் சவூதி போய்த் திரும்பி வந்தவர்கள். வந்து ஆறு மாசம் செண்டு பூசிக்கொண்டு திரிந்தார்கள். ஊரில் செய்ய ஒரு தொழில் இல்லை. மூன்று பேரும் திரும்ப விமானம் ஏறினார்கள். அதில் ஒருவர் மகன் தன் அப்பாவைப் பார்த்து “மாமா” என்று கூப்பிட்டதை அம்மா நேரில் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. “வண்டி இருந்தா மனுசன் இருப்பாவ. வண்டி போச்சுன்னா மனுசனும் போயிருவாவ.” அவ்வளவுதான். இதில் வேறு விளக்கம் இல்லை.

முதலில் பெரியப்பா ஒரு டிரைவரைச் சம்பளத்துக்குப் போட்டு ஓட்டச் சொன்னார். மூன்று மாசம் ஓடியது. மாசியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு எங்கள் தெரு, முகூர்த்தம் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில். திரும்பும்போது மாப்பிள்ளையும் பொண்ணும் எங்கள் காரில் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாய்மாமன் கேந்திப்பூச் சரத்தைக் காரின் முன்னால் பல் வரிசை மாதிரி இருக்கிற கம்பிகளில் இடமும் வலமுமாகச் சுற்றினார். இடைவெளி தெரிந்த இடத்தில் அரளியைச் செருகினார். அதுவும் போதாதென்று குருத்தோலைத் தோரணம் ஒன்றையும் குறுக்கே கட்டினார். இஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியே இல்லை. டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருகினார். கல்யாண மாலையை அவிழ்க்கச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

பின்சீட்டில் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகளைத் திணித்திருந்தார்கள். அதில் நான் ஒன்று. கரிசல் காட்டுக்கு நடுவே வரும்போது முதலில் கேந்திப்பூ வாசம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது கீரை வேகிற வாசமாக மாறியது. அப்புறம் கீரை தீய்கிற வாசம். பானட்டிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு பருத்தி ஏற்றிப்போன டிராக்டரில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். தலையிலும் தோளிலும் பஞ்சு. டிரைவர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் உப்புத் தண்ணியை இறைத்து ஊற்றி ஊற்றி, உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

அம்மா பானட்டில் கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். “சாவியத் தாங்க” என்றாள். டிரைவர் கொடுத்துவிட்டுப் போனவர்தான். அன்றிலிருந்து வண்டி ஷெட்டில் நின்றது. இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டேன் என்றாள்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வண்டியின் தகரத்தைத் தட்டிப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் நுழைய மாட்டார். ஆனால் அவர் மனசில் ஒரு பழமொழி சட்டமாக உட்கார்ந்திருந்தது. “நிக்கிற வண்டியும் தேங்குன தண்ணியும் ஒண்ணும்மா” என்றார் அம்மாவிடம். “டயர் வெடிச்சுப்போவும், எலி வயரைத் திங்கும், பேட்டரி செத்துப்போவும். தம்பி வாரதுக்குள்ள கூடுதான் மிஞ்சும். விலை இருக்கும்போதே தள்ளிவிட்டுருவோம்.”

“எலி திங்காமப் பாத்துக்கிட்டா?”

“நீ பாப்பியா?”

“பாப்பேன்.”

பெரியப்பா சிரித்தார். பிறகு வாக்குக் கொடுக்கிற மாதிரிச் சொன்னார்: “ஆடித்தபசுக்கு மறுநா புரோக்கர வரச் சொல்லுதேன். அன்னைக்கு மூணு தடவைக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா வண்டி இங்கனயே கெடக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆவலன்னா, தம்பி கையெழுத்து எம் பையில இருக்கு.”

“புரோக்கர் கையாலயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க அத்தான்” என்றாள் அம்மா. “நான் தொட்டா, மந்திரம் போட்டுட்டேன்னு சொல்லுவீய.”

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். இஞ்சின் தப்பித்துவிட்டது, ஆனால் ரேடியேட்டருக்குள் உப்புத் தண்ணி போயிருக்கிறது, உள்ளே சுண்ணாம்பு மாதிரிப் படியும், வாராவாரம் வண்டியைச் சூடாக்கித் தண்ணியை இறக்கி நல்ல தண்ணி மாற்ற வேண்டும் என்று சொன்னார். மூன்றாவது வாரம் நான் தெருக்குழாயடியில் ஒரு பாட்டுக் கேட்டேன். ராகத்தோடு சொன்னார்கள், எனக்கும் உடனே மனப்பாடம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டினேன்: “புருசன் சவூதில, மெக்கானிக் ஷெட்டுல.” அப்படியென்றால் என்னம்மா என்றும் கேட்டேன்.

அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “சொன்னவளுக்கு வீட்டுல வேல இல்லன்னு அர்த்தம்” என்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். எங்கள் அம்மா மூட முயற்சி பண்ணவே இல்லை. ஆனால் அன்று அரைத்த மாவில் உப்புப் போட மறந்துவிட்டாள். அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பாட்டு பாய் காதுக்கும் போயிருக்கும். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். வெள்ளைத் துப்பட்டி, கக்கத்தில் ஸ்பானர் சுற்றிய சாக்குப் பை. கடையநல்லூர்க்காரர். நாங்கள் எல்லாரும் அவரைப் பாயம்மா என்றோம்.

“மயினி, எங்க வீட்டுக்கார்வ இனிமே வர மாட்டாவ. நான் வருவேன்” என்றார்.

“உங்களுக்கு வேல தெரியுமா பாயம்மா?”

“பதினஞ்சு வருசமா சோறு வைக்கேன். வச்ச சோத்தைத் திங்கும்போதெல்லாம் இவுக பேசுதது இஞ்சின் பேச்சுதான். கார்புரேட்டர் கதை கேட்டுக் கேட்டு எம் பிள்ளைக தூங்கியிருக்கு. காதுல ஏறுனது கையில எறங்குறதுக்கு ஒரு வண்டி கெடைக்கல, அவ்வளவுதான்.” பையைத் தரையில் வைத்து விரித்தார். “வாய் இருக்கவ பேசட்டும் மயினி. கை இருக்க நாம வேலையப் பாப்போம்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நாள் எண்ணெய் மாற்றும்போது அடியில் இருந்த நட்டைக் கழற்ற இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். கழன்ற வேகத்தில் கறுப்பு எண்ணெய் பாயம்மா முழங்கை வரைக்கும் ஓடியது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் விக்கல் வந்துவிட்டது. வண்டியே ஓடலியே, எண்ணெயை எதுக்கு மாத்தணும் என்று அம்மா கேட்டதற்குப் பாயம்மா சொன்னார்: “சும்மா வச்ச நல்லெண்ணெயும் நாள்பட்டா சிக்கு நாறாதா? வண்டியும் வவுறும் ஒண்ணு மயினி. உள்ள என்ன போவுதோ அதுக்குத் தக்கனதான் நடக்கும்.”

பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சை வெள்ளைப் பொடியின் மேல் வெந்நீர் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். துடைத்துவிட்டு வேஸ்லின் தடவுவார்கள். எலிக்குப் புகையிலைக் காம்பைத் துணியில் முடிந்து இஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, தீக்குச்சியால் சுத்தம் பண்ணி, ஊதி மாட்டினார்கள். டயர் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் தட்டையாகிவிடும் என்று அம்மா வண்டியைக் கிளப்பி நாலடி முன்னால் கொண்டுபோவாள், நாலடி பின்னால் கொண்டுவருவாள். ஷெட்டில் மிச்சம் இருந்த இடம் அவ்வளவுதான். அம்மா வாழ்க்கையில் ஒரே தடவையில் ஓட்டிய அதிகபட்ச தூரம் எட்டடி. அந்த எட்டடிக்கும் ஹாரன் அடிப்பாள்.

எழுதி வைப்பதற்கு நோட்டு ஒன்றும் கிடையாது. என்றைக்கு என்ன செய்தாளோ, அன்றைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதுவாள். ‘தண்ணி மாத்தினது.’ ‘எண்ணெ பாத்தது, சரி.’ ‘காத்து, முன் எடது கம்மி.’ எழுதி, கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அந்த வளைந்த கம்பியில் குத்தி ஷெட் ஆணியில் மாட்டுவாள். அந்தக் கம்பி இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ. வீடு மாறும்போது எந்தச் சாமானோடு போனதோ தெரியவில்லை. செம்புக் குடங்கள் போனதற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. அந்தக் கம்பிக்கு வருத்தப்படுகிறேன்.

இப்போது தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர்த் தண்ணி உங்களுக்குத் தெரியும். கிணற்றிலும் அடிபம்பிலும் வருவது உப்பு. குழாயில் வருவது நல்ல தண்ணி, அதுவும் அந்தக் கோடையில் அஞ்சு நாளைக்கு ஒரு தரம் வந்தால் பெரிது. வீட்டுக்கு நாலு குடம். அதில் வாராவாரம் ஒரு குடம் முழுசாக ரேடியேட்டருக்குள் போனது.

தெரு பொறுக்குமா? எதிர்வீட்டுத் தறிக்கார அக்காவுக்கு நாக்கு ஊசி. “ஏன் மயினி, உங்க காரு காப்பி குடிக்குமா, டீ குடிக்குமா?”

“ரெண்டும் பழகல. தண்ணி மட்டுந்தான்” என்றாள் அம்மா.

“மனுசருக்கு நாக்கு வறளுது, இங்க தகரத்துக்குத் தாகமாம்.”

“எம் பங்குத் தண்ணி. அதைக் காருக்கு ஊத்துவேன், கழுதைக்கும் ஊத்துவேன். உங்க குடத்துல கைய வச்சனா?”

வைக்கவில்லை. எங்கள் பங்கில்தான் வைத்தாள். என் தலையில்தான் வைத்தாள் என்று அன்றைக்கு நினைத்தேன். அதுவரை வாரம் ஒரு நாள் நல்ல தண்ணியில் தலை முழுகுவேன். அதை நிறுத்திவிட்டாள். உப்புத் தண்ணியில் சீயக்காயும் நுரைக்காது, சோப்பும் நுரைக்காது. முடி தேங்காய் நார் மாதிரி ஆகி, சீப்பு உள்ளே போனால் உடைந்துதான் வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் என்னைத் ‘துடைப்பம்’ என்று கூப்பிட்டார்கள். நான் ஷெட்டில் போய் காரைக் காலால் மிதித்துவிட்டு வந்தேன். அம்மாவுக்குக் காரைத்தான் பிடிக்கும், என்னைப் பிடிக்காது என்று முடிவு கட்டி, அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவளும் அந்த நாலு மாசம் நல்ல தண்ணியைக் குடிக்கவில்லை, உப்புத் தண்ணியைக் காய்ச்சித்தான் குடித்தாள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகு பாயம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆனி மாசம் ஒரு ஞாயிறு. வழக்கம்போல வண்டியைச் சூடாக்கி, ஆறவிட்டு, ரேடியேட்டர் அடியில் இருக்கிற குழாயைத் திறந்தார்கள். வந்த தண்ணி செம்மண் கலர். போன வாரமும் அப்படித்தான், அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். இருக்கிற தண்ணி எல்லாம் ஊற்றியும் தெளியவில்லை. ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்துவிட்டது, இனி தேறாது என்று அம்மா சிமென்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளை அப்படிப் பார்த்தது இல்லை.

பாயம்மா அந்தத் தண்ணியைக் கையில் ஏந்தி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “மயினி, இது துரு இல்ல. துருன்னா விரல்ல கறை புடிக்கும். இது வழுவழுன்னு இருக்கு. மண்ணு. யாரோ மண்ணு போட்டிருக்காவ.”

அம்மா வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும். கோயில் புற்றுமண். எங்கள் ஊரில் எந்த நோவுக்கும் முதல் மருந்து அதுதான். சொறி, சிரங்கு, பூரான் கடி, பிள்ளைக்குச் சீர் தட்டி வயிறு போனால், எல்லாவற்றுக்கும். டாக்டர் அதற்கு அப்புறம்தான்.

சாயங்காலம் பெரியப்பா வந்து, வழக்கம்போல வண்டியைத் தட்டினார். அம்மா கேட்டாள்: “அத்தான், ரேடியேட்டருக்குள்ள என்ன போட்டீய?”

பெரியப்பா மறைக்கவில்லை. அவருக்கு மறைக்கத் தெரியாது. “சாமி மண்ணுதாம்மா. கல்யாணத்தன்னைக்கு அப்படிக் கொதிச்சு வந்துதா, தம்பி வண்டி, பொறுக்கமாட்டாம வாங்கியாந்து போட்டேன். உள்ள குளுமையா இருக்கட்டும்னு...”

“எவ்வளவு போட்டீய?”

“ஒரு பொட்டலம்.”

“ஆளுக்கே ஒரு சிட்டிகைதான அத்தான் குடுப்பாவ.”

“காரு ஆளைவிடப் பெருசுல்லா” என்றார் பெரியப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. விற்க வேண்டும் என்று நிற்கிறவரும் அவர்தான், சாமி மண்ணைப் போட்டவரும் அவர்தான். இரண்டையும் தம்பி மேல் இருந்த பாசத்தில்தான் செய்தார். இந்த வயதில் எனக்கு அது புரிகிறது. நமக்கு நல்லது நினைக்கிறவர்களிடமிருந்து நம் சாமானைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. எதிரி வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

“மன்னிச்சுக்கம்மா” என்று சொன்னவர், அடுத்த வாக்கியத்தில், “ஆனா பேச்சு பேச்சுதான். ஆடித்தபசுக்கு மறுநா புரோக்கர் வருவாவ” என்றார்.

அதன்பிறகு ஐந்து ஞாயிறு. அலசி இறக்கிய தண்ணியைச் சாக்கடையில் விட அம்மா சம்மதிக்கவில்லை. சாமி மண்ணை எப்படி மிதிபட விடுவது? வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லை வேப்பமரத்தடியில் ஊற்றினார்கள். பாயம்மா ஒரு கை பிடித்தார். “உங்க சாமி மண்ணு, எங்க ஆளு ஸ்பானரு, உங்க வீட்டுக்கார்வ வண்டி. இது எப்படி ஓடாமப் போவும்னு நானும் பாக்கேன்” என்றார். ஐந்தாவது ஞாயிறு ரேடியேட்டர் குழாயில் வந்த தண்ணி, ஊற்றின தண்ணி மாதிரியே வந்தது. அம்மா அதில் ஒரு கை ஏந்தி என் முகத்தில் தெளித்தாள். நான் அன்றைக்குத்தான் அவளோடு பேசினேன்.

சரி, அந்தக் காலைக்கு வருவோம். புரோக்கர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இரும்பு விலை என்று சொன்னதை நிரூபிக்கிற மாதிரி ஷெட்டுக்குள் போய்ப் பானட்டைத் தூக்கினார். பெரியப்பா பின்னாலேயே போனார். நாங்கள் கதவிடுக்கில்.

புரோக்கர் எண்ணெய்க் குச்சியை உருவினார். நுனியில் தேன் மாதிரி எண்ணெய். அதை வேட்டியில் துடைக்கப் போனவர், துடைக்காமல் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு உள்வாயைத் தடவினார். விரலைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பானட்டை மெதுவாகச் சாத்தினார். பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிந்தது.

வண்டி நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட ஆள், அது நன்றாக இல்லை என்று காட்டினால்தான் மலிவாக வாங்க முடியும்.

புரோக்கர் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கியரை ஆட்டிப் பார்த்துவிட்டு, அம்மா வண்டியிலேயே போட்டு வைத்திருந்த சாவியைத் திருகினார். இஞ்சின் உறுமியது, பிடிக்கவில்லை. “ஒண்ணு” என்றார். இரண்டாம் தடவையும் உறுமி நின்றது. “ரெண்டு. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

பெரியப்பாவின் கை சட்டைப் பையில் இருந்த பாரத்தின் மேல் போனது.

அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அந்நிய ஆம்பளை முன்னால் வர மாட்டாள், அந்தக் காலம் அப்படி. வந்து ஷெட் வாசலில் நின்றாள்.

“அண்ணாச்சி, வெடியக்காலையில சோக்க இழுத்துக் கொஞ்சம் கூடப் பெட்ரோல் குடுக்காம எந்த வண்டியும் எந்திரிக்காது. அது உங்களுக்குத் தெரியாம இருக்காது” என்றாள். “அதை இழுத்துட்டு மூணாவத எண்ணுங்க.”

புரோக்கர் அம்மாவைப் பார்த்தார். பெரியப்பா புரோக்கரைப் பார்த்தார், முதல்தடவையாகச் சந்தேகத்தோடு. புரோக்கர் வேறு வழியில்லாமல் கையை நீட்டி சோக்கை இழுத்தார். சாவியைத் திருகினார்.

பிடித்துக்கொண்டது. நடுங்காமல், இருமாமல், எதிர்வீட்டுத் தறிச் சத்தத்துக்குக் கீழே ஒரு சுருதி மாதிரி நின்று ஓடியது. பானட்டின் மேல் இருந்த காப்பி டம்ளர் கூட ஆடவில்லை என்று பெரியப்பா பிற்பாடு சொல்லுவார். டம்ளர் தரையில் இருந்தது என்பதே உண்மை. பெருமையில் அவர் அதை மேலே ஏற்றிவிட்டார்.

“எந்தப் பட்டறை, தங்கச்சி?” என்று கேட்டார் புரோக்கர். குரல் இறங்கியிருந்தது.

“பட்டறை இல்ல. நானும் பாயம்மாவும்.”

அவர் நம்பவில்லை. அம்மா ஆணியிலிருந்த கம்பியை எடுத்து நீட்டினாள். அவர் ஒவ்வொரு காலண்டர் தாளாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர், ‘புத்து மண்ணு கடைசி. தெளிஞ்சுட்டு’ என்று எழுதியிருந்த தாளில் நின்று, அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து ஒரு விலை சொன்னார். இரும்பு விலை இல்லை. பெரியப்பா வாயைப் பிளந்த விலை. “வாராவாரம் எழுதி வச்சிருக்க வண்டி இந்தச் சில்லாவுல எனக்கு வாய்ச்சதில்ல. தாங்க, இப்பவே எடுத்துக்கிடுதேன்.”

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார்.

“விலை சொன்னதுக்குச் சந்தோசம்” என்றாள் அம்மா. “நான் இத விக்கதுக்குப் பாக்கல. ஓட்டுறவுக வருவாவ.” பிறகு பெரியப்பாவிடம் கையை நீட்டினாள். “பேச்சு பேச்சுதான அத்தான்?”

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த பாரத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைக் கிழிக்கவில்லை. அப்பாவின் கையெழுத்து அதில் இருந்தது, கிழிப்பாளா? கம்பியின் நுனியை நிமிர்த்திப் பிடித்து, பாரத்தின் நடுவில் ஒரு குத்துக் குத்தி, காலண்டர் தாள்களோடு தாளாக அடிவரைக்கும் இறக்கினாள். கம்பியை ஆணியில் மாட்டினாள்.

வண்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. புரோக்கர் போகவில்லை.

“வாங்குறதுக்கு இல்ல, தங்கச்சி. சும்மா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு தடவ ஓட்டிட்டு வந்து விட்டுரட்டுமா?”

அம்மா ஷெட் வாசலை விட்டு விலகி நின்றாள். “ஓட்டுங்க. எட்டடிக்கு மேல போயி நாலு மாசம் ஆச்சு, அதுக்கும் காலு மரத்துப் போயிருக்கும்” என்றாள். “அத்தானும் கூட வருவாவ.”

புரோக்கர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். குனிந்தவர், நிமிர்ந்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றி, ஷெட் வாசலில் ஜோடியாக ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே ஏறினார்.